ஏழு மடிகளில் ஏழு வால்வுகள்

ரயில் பெட்டிக்குள் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது.

இழுத்தாலும் மூடாத ஜன்னல்கள். தலவாக்கலையில் நாங்கள் ஏறியபோதே வெள்ளைப் புகை உள்ளே நுழைந்து, ஆட்களின் முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் புகைக்கு மேலே ஏழு பேர் அசையாமல் இருந்தார்கள். ஏழு பேர் மடியிலும் ஆளுக்கொரு கண்ணாடிக் குமிழ்.

தேயிலைக் கொழுந்தெடுக்கிற அம்மா ஒருவர் தலைத்துண்டைச் சுருட்டிக் குருவிக்கூடு மாதிரி ஆக்கி, அதற்குள் தன் குமிழை வைத்திருந்தார். எதிரே இருந்த வயதான பிக்கு இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தியிருந்தார். கைக்குழந்தையோடு இருந்த சிங்களப் பெண்ணுக்குக் கை ஒழியவில்லை. பிள்ளையின் கம்பளித் தொப்பியைக் கழற்றி, அதற்குள் குமிழைப் போட்டு, பிள்ளையின் வயிற்றுப் பக்கமாகச் செருகிக்கொண்டார்.

“இது என்னா முட்டைங்க தம்பி?” என்று என்னைக் கேட்டார் கொழுந்தெடுக்கிற அம்மா.

“முட்டை இல்லம்மா. ரேடியோவோட உசிரு.”

“உசிர ஏன்யா ஆளுக்கொன்னா பிச்சுக் குடுத்துருக்கீங்க?”

பிள்ளைகளே, போன வாரம் லிந்துலைக் கடைக் கூரையில் கிடந்த கிராமபோன் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன். சின்னவள் படித்துவிட்டு, “இம்புட்டுப் பாரத்த ஏம்ப்பா தூக்கிட்டு அலைஞ்சீங்க?” என்று கேட்டாள். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். இந்த வாரம் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்தவன் நான். முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நாலு பேர்

முதலில் அந்தக் குமிழைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய ரேடியோ பொத்தானை அமுக்கினதும் பேசுகிறது. பழைய ரேடியோ அப்படியில்லை. அதன் வயிற்றுக்குள் நாலோ ஏழோ கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். வால்வு என்போம். உள்ளே கரண்ட் பாய்ந்ததும் அவை மெதுவாகச் சூடாகி, ஊதிவிட்ட அடுப்புக்கரி மாதிரி உள்ளுக்குள் சிவக்கும். அதற்குப் பிறகுதான் சத்தம் வரும். அந்தச் சத்தம் வருவதற்கு முன் இருக்கிற கொஞ்ச நேரம் எனக்குக் கோயிலில் திரை விலகுமுன் நிற்கிற மாதிரி இருக்கும்.

இந்தப் பைத்தியம் எங்கள் நாலு பேருக்கும் இருந்தது.

வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் மருதை அண்ணன். தேய்ந்த பல்சக்கரம், உடைந்த ஸ்பிரிங் எல்லாம் அவர் கையில் திரும்பப் பிறக்கும். குணம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், தலவாக்கலையில் கணக்குப் படிப்பித்தார். இங்கிலீஷில் இருக்கிற சர்க்கியூட் படங்களைப் படித்துச் சொல்வது அவர் பொறுப்பு. தேயிலை லொறி ஓட்டிய சுனிலிடம் ஏற்றி இறக்குகிற வேலை. நான் அக்கரப்பத்தனை பஜாரில் ஒற்றை மெஷின் டெய்லர். ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துக் கட்டுகிற துணி நைந்துபோனால் என்னிடம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலவாக்கலையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் கூடுவோம். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. கண்டெடுத்தவனுக்குப் பொருள் சொந்தமில்லை. யாருடைய செட் ஊமையாகக் கிடக்கிறதோ அவனுக்குத்தான். போகிற வழியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு தடவை ஹட்டனிலிருந்து எனக்கொரு டேப் ரெக்கோர்டர் கல்யாண பஸ்ஸில் வந்தது. சீர்வரிசைச் சாமானோடு சாமானாக மாப்பிள்ளை வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா மூன்று நாள் அதைத் திருப்பித் தர மாட்டேன் என்றார். “பொண்ணு வீட்டுல ஆசையா குடுத்தது” என்று ஒரே பிடி. கடைசியில் பெண்ணே வந்து, “மாமா, அது பாடவே பாடாது, குடுத்துருங்க” என்று சொன்னபிறகுதான் விட்டார்.

பங்களா ஸ்டோர் ரூம்

தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறிய காலம் அது. எங்கள் பக்கத்துப் பங்களா ஒன்றுக்கு, தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அளவெடுத்து முடித்ததும், பங்களாவில் சமைக்கிற அப்பு என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனார்.

“டெய்லர், உங்களுக்குத்தான் இந்த மாதிரிக் கிறுக்கு இருக்குன்னு சொல்றாங்க. இதப் பாருங்க. விறகுக் கொட்டாயில தள்ளச் சொல்லிட்டாரு.”

சாக்கை இழுத்தார். கீழே ஒரு ரேடியோகிராம். ரேடியோவும் ரெக்கோர்ட் சுற்றுகிற தட்டும் ஒன்றாக இருக்கிற பெட்டிக்கு அந்தப் பெயர். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளம். கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறத்தில் மரம். தூசிமேல் விரலை வைத்து இழுத்தேன். விரல் போன இடம் மட்டும் பளபளவென்று என்னைப் பார்த்தது.

துரையின் சம்சாரத்திடம் கேட்டேன். எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு துண்டுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்தப் பெட்டியை நம் வீட்டில் எந்தச் சுவரோரம் வைப்பது என்று மனதுக்குள்ளேயே அளந்துகொண்டு வந்தேன். உங்கள் அம்மாவின் உரலை வெளியே தள்ளினால் இடம் வரும் என்று பட்டது.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். எத்தனையோ வருஷத்துக்கு முன் மருதை அண்ணன் தண்ணீர்ப் பம்ப் திருத்த இதே பங்களாவுக்குத்தான் வந்திருந்தார். அப்போதிருந்த துரை உள்ளே இந்தப் பெட்டியில்தான் ஏதோ ரெக்கோர்ட் போட்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஸ்பேனரோடு நின்று அண்ணன் கேட்டிருக்கிறார். அதை எங்களிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பார்.

“காதுல வரல்லடா தம்பி. நெஞ்சுல வந்துச்சு. ஃபெக்டரியில பெரிய ரோலர் ஓடுறப்ப தரை அதிருமே, அந்த மாதிரி. ஆனா இனிப்பா.”

அந்த மருதை அண்ணனுக்குக் காது மூடிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் சீழ் பிடித்த காது. மேலே ஃபெக்டரி இரைச்சல் வேறு. செவிப்பறை கெட்டுவிட்டது என்று கண்டி டாக்டர் சொல்லிவிட்டார். ஆப்பரேஷன் செய்தால் கேட்கலாம், இருக்கிற கொஞ்சமும் போகலாம். வருகிற திங்கட்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருந்தார். அண்ணன் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். “உள்ளதும் போச்சுன்னா என்னா பண்றது? போறதுக்கு முன்னாடி அந்தப் பங்களாப் பெட்டிய ஒரு தரம் கேட்டுட்டாப் போதும்.” அது நடக்காது என்று நினைத்துச் சொன்ன பேச்சு. அப்படிச் சொன்னால் யாரும் தன்னைக் கண்டிக்கு அனுப்ப முடியாதில்லையா?

பிள்ளைகளே, உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். பெட்டி கிடைத்ததை நான் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் குணம் மாஸ்டரிடம் போய் உளறினேன். அவர் கோபிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“உம்மட வீட்டில எத்தனை செட் இருக்கு?”

“மூனு இருக்குங்க மாஸ்டர்.”

“மூண்டும் பாடுதோ?”

“பாடுதுங்க.”

“அப்ப பிறகென்ன கதை? சனிக்கிழமை கொண்டுபோவம்.”

நான் செய்த பிழை

வழி இதுதான். அக்கரப்பத்தனையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் சுனிலின் லொறி. அதற்கு மேல் லொறி ஹட்டன் பக்கம் திரும்பிவிடும். நாங்கள் ஒரு ஸ்டேஷன் தூரம் ரயிலில் வட்டகொடைக்குப் போக வேண்டும்.

குலுக்கலில் உடையாமலிருக்க வால்வுகளை முதலிலேயே கழற்றிவிட்டோம். ஏழு வால்வு. பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் அவற்றை அடுக்க, மெத்தென்று ஏதாவது வேண்டும். வைக்கோலுக்கு எங்கே போவது? ஃபெக்டரிக்குப் பின்னால் குவித்திருக்கிற கழிவுத் தேயிலை எனக்கு ஞாபகம் வந்தது. சலித்துத் தள்ளிய நாரும் காம்பும், பஞ்சு மாதிரி இருக்கும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அது குப்பை. இரண்டு சாக்கு வாங்கி வந்து, வால்வுகளை அதற்குள் தூங்கவைத்தேன். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

தலவாக்கலைக்குள் நுழைகிற இடத்தில் பொலிஸ் நிறுத்தியது. யுத்த காலம். லொறியில் இரண்டு தமிழர்கள், கூடவே கம்பிகள் தொங்குகிற ஒரு பெரிய பெட்டி. துரை சம்சாரத்தின் கடிதத்தை நீட்டினேன். வயதான சார்ஜன்ட் ஒருவர் அதைப் படித்தார். ரேடியோகிராமைத் தட்டிப் பார்த்தார். தன் மாமனார் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது என்று சுனிலிடம் சிங்களத்தில் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் தேயிலைப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

காற்றில் நார் பறந்தது. இரண்டு தடவை தும்மினார். சிரிப்பு போய்விட்டது.

“இதற்கு பெர்மிட் எங்கே?” என்று கேட்டார்.

கழிவுத் தேயிலையைப் பெர்மிட் இல்லாமல் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். நல்ல தூளில் அதைக் கலந்து விற்கிறவர்கள் இருந்தார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தேயிலைக்குள்ளேயே வளர்ந்தவனுக்கு அது தேயிலையாகவே கண்ணில் படவில்லை.

“ஸ்டேஷனுக்கு வாங்க, எழுதணும்” என்றார். ஸ்டேஷனுக்குள் போனால் அந்தக் காலத்தில் எப்போது வெளியே வருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. ரயில் போய்விடும். சனிக்கிழமை போய்விடும்.

குணம் மாஸ்டர் புத்தகச் சிங்களத்தில் ஏதோ விளக்கத் தொடங்கினார். அதைக் கேட்டால் சார்ஜன்டுக்குச் சந்தேகம் கூடிவிடும் போலிருந்தது. சுனில் குறுக்கே வந்து நேராகச் சொல்லிவிட்டான். “சார், ஒரு ஆளுக்குக் காது போகுது. திங்கட்கிழமை ஆப்பரேஷன். அதுக்கு முன்னால் இந்தப் பெட்டியில் ஒரு பாட்டுக் கேட்கணுமாம். இவன் டெய்லர். இவனுக்கு மூளை இவ்வளவுதான்.”

சார்ஜன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது பாடுமா?”

“தெரியாதுங்க சார்” என்றேன். உண்மை அதுதான்.

பிறகு ரோட்டோர வடிகானைக் காட்டினார். கொட்டச் சொன்னார். நானே கொட்டினேன். சேற்றோடு சேற்றாக மிதித்துக் கலக்கவும் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன். ரோடெல்லாம் தேத்தண்ணி வாசம்.

இப்போது கையில் ஏழு கண்ணாடிக் குமிழ்கள். சுற்றி வைக்க ஒன்றுமில்லை.

வட்டகொடை

ரேடியோகிராமை ரயில் கார்ட் இருக்கிற கடைசிப் பெட்டியில் பார்சலாக ஏற்றினோம். வால்வுகளை அந்த ஆட்டத்தில் ஒரே பையில் போட்டால் ஒன்றோடொன்று மோதி உடையும். மாஸ்டர், நான் இருவரின் நாலு கையும் போதாது. அப்போதுதான் மாஸ்டர் ரயில் பெட்டிக்கு நடுவில் நின்று, வகுப்பில் பேசுகிற மாதிரிக் கேட்டார். “ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் ஆராவது மடி தருவியளோ?”

எல்லோரும் தந்தார்கள். மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் இது என்ன என்றே கேட்டார்கள்.

அந்தக் கால் மணி நேரம் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. ரயில் வளைந்து வளைந்து ஏறுகிறது. மேகத்துக்குள் தேயிலைச் செடிகள் வருகின்றன, போகின்றன. தண்டவாளத்தின் ஒவ்வொரு தட்டலுக்கும் ஏழு பேரும் ஒரே மாதிரி மூச்சைப் பிடிக்கிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கிற மெல்லிய கம்பிகள் கிண் கிண் என்கின்றன. பிக்கு கண்ணை மூடியிருந்தார். பெட்டி முழுக்க ஒரே ஒரு தூக்கம் பிடித்திருந்த மாதிரி.

வட்டகொடை வந்தது. ரயில் அங்கே அதிக நேரம் நிற்காது. நான் ஓடிப்போய், கார்ட் ஒரு கை கொடுக்க, பெரிய பெட்டியை இறக்கினேன். மாஸ்டர் ஜன்னல் ஜன்னலாக ஓடி வால்வுகளை வாங்கினார். ரயில் நகர்ந்தபிறகு எண்ணினால் ஆறு.

கைக்குழந்தைக்காரப் பெண் தூங்கிப்போயிருக்க வேண்டும். பிள்ளையின் தொப்பிக்குள் ஒரு வால்வு பண்டாரவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பிளாட்போரத்தில் மருதை அண்ணன் தன் லயத்து வரிசைவீட்டு ஆட்கள் இரண்டு பேரோடு நின்றார். நாலு நாள் மழையில் காது இன்னும் அடைத்திருந்தது. கத்திச் சொன்னாலும் பாதிதான் போனது. ஆறு விரலைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வால்வாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஊரே கேட்கிற மாதிரிச் சிரித்தார்.

“அட கிறுக்குப் பயலே! தொலைஞ்சது பச்சைக் கண்ணு! ரேடியோ ஸ்டேஷன் சரியாப் புடிச்சிருச்சான்னு காட்டுறதுக்கு முன்பக்கத்துல மினுங்குமே, அது! அது பாக்குறதுக்குத்தான். பாட்டுக்கு வேணாம்!”

(எட்டு நாள் கழித்துப் பச்சைக் கண் ரயில் கார்ட் ஒருவர் கையில் திரும்பி வந்தது, தொப்பியோடு. தொப்பியைத் திருப்பிக் கொடுக்க அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில் நீங்கள் பார்த்திருக்கிற நீலத் தொப்பி அதுதான்.)

தகரக் கூரைக்குக் கீழே

நாலு பேர் கம்பு கட்டித் தூக்கி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினோம். அண்ணன் வீட்டுக்குள் பெட்டி போனதும் மீதி இடமே இல்லை. அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா வாசலில் பிளேன்டீக் கோப்பைகளோடு நின்றார்.

“வாங்க தம்பி. பொட்டிய உள்ள வைங்க. நாங்க எல்லாரும் ஸ்தோப்புல படுத்துக்கிறோம்” என்று வெளித் திண்ணையைக் காட்டினார். “அது பாடுனா எனக்கும் சொல்லுங்க. இந்த மனுசனுக்கு நான் சாப்பிடக் கூப்புடுறதே கேக்கல.”

அந்தி நேரம். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அண்ணன் ஆறு வால்வையும் அதனதன் குழியில் செருகினார். பெட்டியின் அறைக்குள் ஒரே ஒரு ரெக்கோர்ட் கிடந்தது. லேபிளைப் பூச்சி தின்றிருந்தது. என்ன பாட்டோ, யாருடையதோ.

அண்ணன் சுவிட்சைப் போட்டார். தூசி சுடுகிற வாசம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வால்வுகள் சிவந்தன. தட்டு சுற்றியது. முள்ளை வைத்தார்.

வந்தது. ஒரு வயலின், அதற்குக் கீழே பெரிய வண்டு மாதிரி இன்னொரு வாத்தியம். மழைச் சத்தத்தோடு கலந்து, அந்தச் சின்ன அறை மலையை விட்டுக் கிளம்பி எங்கேயோ மிதக்கிற மாதிரி இருந்தது. லெட்சுமி அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் முகம், அக்கா முகம், என் முகம். பாடுகிறதா இல்லையா என்று எங்களிடம் தேடுகிறார்.

“பாடுதாடா?” என்றார்.

அவருக்குத் தெரிகிற மாதிரித் தலையை ஆட்டினேன். அண்ணன் காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கொண்டுவந்து சேர்த்ததே பாவமோ என்று நினைத்தேன்.

அண்ணன் சட்டென்று எழுந்து, ஆணியில் தொங்கிய வேலைப் பையை எடுத்தார். முழ நீள ஸ்குரூடிரைவர் ஒன்று, மரப் பிடி போட்டது. ஃபெக்டரியில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஃபிட்டர்மார் ஒன்று செய்வார்கள். ஸ்குரூடிரைவர் நுனியை ஓடுகிற மெஷினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைப்பார்கள். மெஷினின் உள்சத்தம் எலும்பு வழியாக ஏறும்.

பெட்டியின் பின்பக்கமாகப் போய்க் குனிந்தார்.

“ஐயோ மருதை, கரண்ட் அடிக்கும்! பாத்து!” என்று மாஸ்டர் கத்தினார். அது அவருக்கு எங்கே கேட்டது?

நுனியை ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில் ஊன்றினார். பிடியை எலும்பில் வைத்தார்.

கண் மூடிக்கொண்டது. வாய் கொஞ்சமாகத் திறந்தது. இடது கை மெல்ல எழுந்து, அவருக்கே தெரியாமல் நெஞ்சில் போய் நின்றது. ரெக்கோர்டின் ஒரு பக்கம் முடியும்வரை அப்படியே குனிந்து நின்றார். முள் உரசுகிற சத்தம் மட்டும் மிச்சம். அப்போதும் நிமிரவில்லை.

பிறகு ஸ்குரூடிரைவரை என்னிடம் நீட்டினார். எனக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ரெக்கோர்டைத் திருப்பிப் போட்டு, அதை வாங்கி எலும்பில் வைத்துக் கேட்டேன். மாஸ்டர் கேட்டார். லெட்சுமி அக்கா, “எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே கேட்டார்.

“என்னா, ஒங்களுக்கு ஒன்னும் தெரியலையா?” என்றார் அண்ணன்.

“என்னாண்ணே?”

“அடியில ஒரு உர்ர்ன்னு ஹம் ஓடுது. மழையில ஒங்களுக்குக் கேக்கல. பெரிய கண்டென்சர் போயிருச்சு. மாத்தணும்.”

மாஸ்டர் குனிந்து, ஸ்குரூடிரைவரை மறுபடியும் வைத்துப் பார்த்துவிட்டு, “ஓம், கிடக்குது” என்றார்.

“அந்தச் சைஸு இங்க கிடைக்காது, கண்டியிலதான் தேடணும்” என்று அண்ணன் ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டார். பிறகு லெட்சுமி அக்கா பக்கம் திரும்பி, பக்கத்து லயத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

“ஏய், அந்த டாக்டர் எழுதிக் குடுத்த துண்டுச் சீட்ட எங்க வச்ச? எடுத்து வையி. திங்கக்கிழமை வெள்ளனத்துல கண்டிக்குப் போறேன்.”